கட்வாலில் தண்ணீரில் ஓடும் கல் மில்: கேழ்வரகு அரைக்கப் போன அனுபவமும் சில கேள்விகளும்

டேராடூன்வாசி:

வேலை காரணமாக டேராடூனில் இருக்கிறேன். நவம்பரில் கூட வேலை பார்க்கும் நண்பருடைய ஊருக்குப் போயிருந்தேன். டெஹ்ரி கட்வால் மாவட்டம், ரிஷிகேஷிலிருந்து சம்பா போகும் மலைச்சாலையில் நாக்னி பக்கம், ஹேன்வல் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே ஓடைத்தண்ணீரில் சுற்றும் கல் மில் ஒன்று இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறது. கராட் என்கிறார்கள். நண்பரின் அம்மா புதிதாக அறுத்த மண்டுவாவை அரைக்கக் கிளம்பினார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். மண்டுவா வேறொன்றும் இல்லை, நம் கேழ்வரகுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் கல் அடுக்கிக் கட்டிய சின்ன அறை, அவ்வளவுதான். நிமிர்ந்து நிற்க முடியாது. ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் பிரித்து, மலைச்சரிவோடு கொஞ்ச தூரம் கொண்டுவந்து, அங்கிருந்து மரத்தைக் குடைந்த தொட்டி வழியாகச் செங்குத்தாகக் கீழே விடுகிறார்கள். அந்த வேகத்தில் பாயும் தண்ணீர் தரைக்கு அடியில் படுக்கைவாட்டில் இருக்கும் மரச்சக்கரத்தின் இதழ்களில் அடிக்கிறது. சக்கரத்தின் நடுத்தண்டு நேராக மேலே ஏறி, அசையாத அடிக்கல்லின் துளைக்குள் புகுந்து, மேல்கல்லைச் சுற்றுகிறது. பற்சக்கரம் இல்லை, பெல்ட் இல்லை. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கல்லும் ஒரு சுற்று.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு குச்சியைத்தான். கல்லுக்கு மேலே கயிற்றில் கூம்பு மாதிரி ஒரு கூடை தொங்குகிறது. தானியம் அதில்தான் கொட்டுவது. கூடையின் வாயில் சின்ன மரத்தட்டு. அந்தத் தட்டில் கட்டிய குச்சியின் மறுமுனை சுற்றுகிற கல்லின் மேல் உரசிக்கொண்டே இருக்கிறது. கல்லின் மேடு பள்ளத்தில் குச்சி துள்ளும்போதெல்லாம் தட்டு அதிர்ந்து நாலு மணி கேழ்வரகு கல்லின் கண்ணுக்குள் விழுகிறது. தண்ணீர் வேகமாக வந்தால் கல் வேகமாகச் சுற்றும், குச்சி அதிகமாகத் துள்ளும், தானியமும் அதிகமாக விழும். தண்ணீர் குறைந்தால் எல்லாமே தானாகக் குறையும். ஆள் நின்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மில் பார்க்கிற பெரியவர் வெளியே வெயிலில் உட்கார்ந்து கம்பளி நூல் திரித்துக்கொண்டிருந்தார். குச்சியின் சத்தம் மாறினால்தான் எழுந்து உள்ளே வருகிறார். கூடை காலியானால் கல்லோடு கல் உரசும் சத்தம் வந்துவிடும், அதற்கு முன்னால் தொட்டியை நகர்த்தித் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும்.

மாவு கல்லைச் சுற்றி வட்டமாகத் தரையில் விழுகிறது. சின்ன விளக்குமாறால் கூட்டி அள்ளுகிறார்கள். கையில் எடுத்தால் சூடே இல்லை. பச்சை வாசனை, லேசான மண்வாசம். கூலி பணமாகக் கொடுக்கவில்லை. அரைத்த மாவில் பெரியவர் தன் பங்கை ஒரு மரப்படியில் அளந்து எடுத்துக்கொண்டார்.

இதுபோல ஓடுகிற கல் மில்லை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? நம் ஊரில் இப்போது எங்காவது உண்டா?

கொங்குச்சேலை:

தம்பி, படிக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. எங்கள் ஊர் மில்லில் அரைத்து வாங்கினால் தூக்குவாளியைத் தொட முடியாது, அப்படிச் சுடும். வீட்டுக்கு வந்ததும் நியூஸ்பேப்பர் விரித்து மாவைப் பரப்பி ஆறவைத்துவிட்டுத்தான் டப்பாவில் போடுவோம். ஆறாமல் மூடினால் வேர்த்துக் கட்டி தட்டிவிடும். என் மாமியார் வீட்டில் திருகை இருந்தது. உளுந்து உடைக்க, பயறு உடைக்க, அவசரத்துக்கு ரவை திரிக்க. கேழ்வரகு முழுக்க அதில் அரைத்ததை நான் பார்த்ததில்லை, அது அவருடைய மாமியார் காலம்.

எனக்கு ஒரு சந்தேகம். கல்லில் அரைத்தால் கல் தூள் மாவில் கலக்காதா? அம்மி கொத்தினால் முதல் இரண்டு தடவை அரைப்பதைக் கொட்டிவிடுவோமே. அந்த மில்லில் என்ன செய்கிறார்கள்?

டேராடூன்வாசி:

அக்கா, அதேதான் அங்கேயும். நானும் பெரியவரிடம் கேட்டேன். கல் வழவழப்பாகிவிட்டால் மாவு நைசாக வராமல் பிசுபிசுவென்று தட்டையாக வருமாம். அப்போது மேல்கல்லைப் புரட்டிப்போட்டு உளியால் கொத்துவார்கள். கொத்தியதும் கழுவி, கழிவுத் தானியத்தைப் போட்டு ஓட்டி, அந்த மாவை மாட்டுக்கு வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுத் தானியம். கல்லைப் புரட்ட நாலு பேர் வேண்டும். ஊரில் இப்போது அந்த நாலு பேரைச் சேர்ப்பதே கஷ்டம் என்றார். இளைஞர்கள் எல்லாம் டேராடூன், டெல்லி.

இன்னொரு விஷயம், கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு நெம்புகோல் இருக்கிறது. அடியில் சக்கரத்தண்டு உட்கார்ந்திருக்கும் கட்டையையே மயிரிழை அளவு தூக்கி இறக்குகிறார்கள். கேழ்வரகுக்கு நெருக்கம், மாட்டுத்தீவனத்துக்குத் தளர்வு. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கட்டைக்கு அடியில் ஆப்பை ஒரு தட்டுத் தட்டினார், முடிந்தது.

மில்வீட்டுப்பையன்:

எங்கள் அப்பா தென்காசிப் பக்கம் ரொம்ப வருஷம் மாவு மில் நடத்தினார். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நம் ஊர் மில்களிலும் பெரும்பாலும் கல்தான் இருந்தது. ஆனால் அது மலையிலிருந்து வெட்டிய கல் இல்லை. எமரி என்கிற மிகக் கடினமான தாதுவைக் குருணையாக்கி, மெக்னீசியம் சேர்ந்த ஒருவகை சிமென்ட்டில் குழைத்து வார்த்த கல். வட்டமாக வார்த்து, இரும்புப் பட்டை கட்டி வரும். இதைத் தவிர இரும்புப் பிளேட் மெஷின் உண்டு. மிளகாய், மல்லி, ஊறவைத்த அரிசி போன்றவற்றுக்கு அதுதான். இப்போது கடையில் 'கல்லில் அரைத்தது' என்று போட்டு வருகிற மாவில் மிகப் பெரும் பங்கு எமரிக் கல்லில் அரைத்ததுதான். அது பொய் இல்லை, அதுவும் கல்தான். ஆனால் வாங்குகிறவர் மனதில் இருப்பது டேராடூன் நண்பர் சொன்ன கல்.

அடுத்து சூடு. கல்லில் அரைத்தால் குளிர்ச்சி, இரும்பில் அரைத்தால் சூடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. சூடு வருவது வேகத்தாலும் நெருக்கத்தாலும்தான். மோட்டாரைப் போட்டுக் கல்லை வேகமாகச் சுற்றவிட்டு, ஒரே ஓட்டத்தில் நைசாக வர வேண்டுமென்று இறுக்கினால் கல்லிலும் மாவு கொதிக்கும். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது எந்த மில்காரர் மெதுவாக அரைப்பார்? கராட்டில் மாவு சூடாகாததற்குக் காரணம் கல்லின் புனிதம் இல்லை, தண்ணீரின் நிதானம்.

ஆனால் சப்பாத்தி மாவு விஷயத்தில் அந்த இறுக்கத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. கல் நெருக்கி அரைக்கும்போது கோதுமையின் மாவுச்சத்துத் துகள்கள் கொஞ்சம் உடைபடும். உடைந்த துகள் அதிகத் தண்ணீர் இழுக்கும். அதனால்தான் சக்கியில் அரைத்த ஆட்டா நிறையத் தண்ணீர் குடித்து, சப்பாத்தி மறுநாளும் மெத்தென்று இருக்கிறது. ரொட்டிக் கம்பெனிக்கு மைதா அரைக்கும் உருளை ஆலையில் அந்த அளவு உடைபடாது. அங்கே தவிட்டையும் முளையையும் தனியாகப் பிரித்துவிடுவார்கள். முளையில்தான் எண்ணெய் இருக்கிறது, அது போய்விட்டால் மாவு மாதக்கணக்கில் கெடாது. கல்லில் முளையும் தவிடும் சேர்ந்து அரைபடும். ருசி, வாசனை எல்லாம் அதனால்தான், சீக்கிரம் சிக்கு வாடை வருவதும் அதனால்தான்.

அண்ணா, அந்தக் கல் என்ன ரகம் என்று கேட்டீர்களா? வெட்டுக்கோடுகள் எப்படி இருந்தன?

டேராடூன்வாசி:

கல்லின் ரகம் அவருக்குப் பெயராகத் தெரியவில்லை, மேல் மலையிலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் உருட்டிக் கொண்டுவந்தது என்றார். புரட்டிய கல்லை நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன வேகக் கணக்கு சரி என்றே படுகிறது. நான் இருந்த நேரத்தில் ஒரு மூட்டை அரைபட மத்தியானம் முழுக்க ஆயிற்று. நண்பரின் அம்மா மூட்டையை வைத்துவிட்டுப் புல் அறுக்கப் போய்விட்டு வந்தார். பலபேர் மூட்டையை வைத்துவிட்டு மறுநாள் வந்து எடுத்துக்கொள்வார்களாம்.

செங்காந்தள்:

நல்ல பதிவு. ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போகிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் கொல்லிமலையில் சில காலம் ஆசிரியையாக இருந்தேன். அங்கே சாமை, தினை, கேழ்வரகு எல்லாமே பல ரகம். வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுளசாமை, செந்தினை, பெருந்தினை, பாலாந்தினை, சட்டைக்கேழ்வரகு, கருங்குளியான் கேழ்வரகு என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். இவை ஏன் குறைந்தன? மரவள்ளி வந்தது ஒரு காரணம். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு கொடுத்தால் கையில் காசு. ஆனால் பெண்களிடம் கேட்டால் முதலில் சொல்வது வேறு. சாமையை உமி நீக்க உரலில் குத்த வேண்டும், திருகையில் சுற்ற வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். காட்டு வேலை முடித்துவிட்டு வந்து ராத்திரி சோற்றுக்கு இந்த வேலை. ரேஷன் அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையைச் சாத்தி வைத்ததில் என்ன தப்பு?

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்தது. விதை வங்கி, மகளிர் குழு எல்லாம் செய்தார்கள். அதோடு ஊருக்குள் உமி நீக்கும் இயந்திரமும் வந்தது. சிறுதானியம் மறுபடி அடுப்பேறியதற்கு அந்த இயந்திரம் பெரிய காரணம். ஆகவே கல்லை ரசிக்கும்போது, கல்லைச் சுற்றியது யார் கை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பழைய தானியத்தைக் காப்பாற்றியது பழைய கருவி இல்லை, புது மெஷின்.

டேராடூன்வாசி:

அம்மா, நீங்கள் சொன்னது முக்கியமான விஷயம். மறுக்கவே மாட்டேன். அங்கேயும் ஜங்கோரா, அதாவது நம் குதிரைவாலி, உரலில்தான் குத்துகிறார்கள், குத்துவது பெண்கள்தான். ஊர் முற்றத்தில் தரையோடு பதித்த கல் உரலைப் பார்த்தேன். இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போட்டார்கள்.

ஆனால் கராட்டைத் திருகையோடு சேர்க்க முடியாது. அதைச் சுற்றுவது யார் கையும் இல்லை, ஓடை. அந்த மலையில் பெண்களின் தோளிலிருந்து அரைக்கிற வேலையை முதலில் இறக்கி வைத்ததே இந்த மில்தான். மின்சாரம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலேயே. அதனால் அதைப் பழைய கருவி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தகடூரான்:

தருமபுரிக்காரன் வந்துவிட்டேன், கேழ்வரகு என்றால் சும்மா இருக்க முடியுமா.

எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் 2023லிருந்து ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். தானியமாகத்தான் தருகிறார்கள், மாவாக இல்லை. அதனால் எங்கள் தெரு மில்லில் பழையபடி கேழ்வரகு வாளிகள் வரிசையாக நிற்க ஆரம்பித்தன. மில்காரர் கேழ்வரகுக்கென்று காலையில் நேரம் ஒதுக்கிவிட்டார். மத்தியானம் மிளகாய், மல்லி. இல்லாவிட்டால் களியே காரமாகிவிடும்.

கேழ்வரகுக்கு ஒரு சௌகரியம், செங்காந்தள் அம்மா சொன்ன குத்துகிற வேலை அதற்குக் கிடையாது. மேல் தோல் தேய்த்தால் போய்விடும். உள்தோல் மாவோடு ஒட்டியே இருக்கும், அதைத் தனியாக உரிக்க முடியாது. அப்படியே அரைத்துச் சாப்பிட வேண்டியதுதான். அதில்தான் சத்தும் இருக்கிறது. சலித்துவிட்டுத் திப்பியைக் கொட்டாதீர்கள் என்று வீட்டில் தினமும் சண்டை போடுகிறேன்.

டேராடூன் தம்பி, அந்த ஊரில் அந்த மாவை என்ன செய்கிறார்கள்? ரொட்டி மட்டும்தானா, களி உண்டா?

டேராடூன்வாசி:

ஐயா, களி உண்டு! பாடி என்று பெயர். கொதிக்கிற தண்ணீரில் மண்டுவா மாவைப் போட்டுக் கிளறிக் கட்டியாக இறக்குகிறார்கள். தொட்டுக்கொள்ள ஃபாணு. கொள்ளை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சும் குழம்பு. கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும்! தட்டில் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அதே சாப்பாடு. நண்பரின் அம்மாவிடம் எங்கள் ஊரிலும் இதே இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவோம் என்று சொன்னேன். அவர் நம்பவே இல்லை, மதராஸிகள் இட்லி தவிர என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டார்.

ரொட்டியும் உண்டு. மண்டுவா மாவு தனியாக இழுபடாது என்பதால் பாதி கோதுமை மாவு கலப்பவர்கள் அதிகம். பெரியவர்கள் வெறும் மண்டுவாவையே கையில் தட்டி, தவாவில் போட்டு எடுத்து, நெருப்பில் காட்டுகிறார்கள். மேலே நெய், பக்கத்தில் வெல்லம்.

அந்தப் பள்ளத்தாக்குக்கு வேறொரு சிறப்பும் இருக்கிறது. பீஜ் பசாவோ ஆந்தோலன், அதாவது விதை காக்கும் இயக்கம், 1980களில் அங்கேதான் தொடங்கியது. ஜர்தார்காவ் என்கிற ஊரைச் சேர்ந்த விஜய் ஜர்தாரி அதை முன்னெடுத்தார். அவர் மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் தடுத்த சிப்கோ இயக்கத்தில் இருந்தவர். அப்போது வேளாண் துறை சோயாவை மட்டும் தனியாகப் போடச் சொல்லி ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தது. இவர்கள் பாரானாஜா என்கிற பழைய முறையைக் காப்பாற்ற இறங்கினார்கள். ஒரே வயலில் மண்டுவா, ராம்தானா (தண்டுக்கீரை வகையின் விதை), ராஜ்மா, கொள்ளு, உளுந்து, தட்டைப்பயறு, எள் என்று பன்னிரண்டு வகை சேர்த்து விதைப்பது. கொடிப்பயறு ராம்தானாத் தண்டைப் பிடித்து ஏறும், பயறுகள் மண்ணுக்கு உரம் சேர்க்கும், மழை பொய்த்தால் ஏதாவது ஒன்று கையில் நிற்கும். நாங்கள் அரைத்த மண்டுவா அப்படிப்பட்ட வயலில் விளைந்ததுதான். மூட்டையில் ராம்தானா மணிகளும் ஒன்றிரண்டு கிடந்தன.

தனி மாநிலம் கேட்டுப் போராடியபோது 'கோதா ஜங்கோரா காயேங்கே, உத்தராகண்ட் பனாயேங்கே' என்று கோஷம் போட்டார்களாம். கேழ்வரகும் குதிரைவாலியும் தின்றாவது எங்கள் மாநிலத்தை அமைப்போம் என்று அர்த்தம். 2000 நவம்பரில் மாநிலம் வந்தது. மண்டுவாவுக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

லண்டன் குமரன்:

மில் என்றதும் எட்டிப் பார்த்தேன். நான் இருப்பது தெற்கு லண்டன். எங்கள் பக்கத்தில் பிரிக்ஸ்டன் காற்றாலை இருக்கிறது. 1816ல் கட்டியது. ஆஷ்பி குடும்பம் நடத்தியது. சுற்றிலும் வீடுகள் பெருகிக் காற்று மறைந்ததும் 1862ல் காற்றில் அரைப்பதை விட்டுவிட்டார்கள். 1902ல் உள்ளேயே சின்ன மில் ஒன்றை வைத்து எஞ்சினில் ஓட்டினார்கள், 1934ல் அதுவும் நின்றது. அப்புறம் ரொம்ப காலம் பாழாகக் கிடந்து, பழுதுபார்த்து 2011ல் திறந்தார்கள். இப்போது தன்னார்வலர்கள் அந்தச் சின்ன மில்லை மின்சாரத்தில் ஓட்டி மாவு அரைத்து விற்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மரப்படிகளில் ஏறி மேல் தளம் வரைக்கும் பார்க்கலாம். வாங்கிவந்த மாவில் பூரி சுட்டோம், நன்றாகவே வந்தது.

ஆனால் உங்கள் பதிவைப் படித்ததும் ஒரு வித்தியாசம் உறைத்தது. இங்கே யாரும் தங்கள் வயல் தானியத்தை மூட்டையில் கட்டிக்கொண்டு வருவதில்லை. நாங்கள் எல்லோரும் பார்வையாளர்கள்.

மருத்துவமனைச் சமையலறை:

நான் உணவியல் ஆலோசகர். ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 முதல் 360 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கிறது, தானியங்களில் அதுதான் உச்சம். தகடூரான் ஐயா சொன்னபடி அதில் பெரும்பகுதி தோல் பக்கம்தான், சலித்துக் கொட்டினால் போய்விடும். எல்லாம் சரி.

ஆனால் சர்க்கரை நோயாளிகள் 'கல்லில் அரைத்த கேழ்வரகு, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எந்தத் தானியமானாலும் மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாகச் செரித்துச் சர்க்கரை ஏறும். கூழாகக் காய்ச்சிக் குடித்தால் இன்னும் வேகம். கல்லோ இரும்போ, அந்தக் கணக்கு மாறாது. கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து, கொள்ளு, கீரை, மோர் என்று ஏதாவது சேர்த்து, அளவோடு சாப்பிடுங்கள். களிக்குக் கொள்ளுக் குழம்பு என்பது அந்த வகையில் மிக நல்ல ஜோடி.

கொங்குச்சேலை:

டாக்டர் அம்மா, அப்படியானால் ரவை பதத்தில் அரைத்து உப்புமா செய்தால் நல்லதா? மில்லில் கேட்டால் அரைத்துத் தருகிறார்.

மருத்துவமனைச் சமையலறை:

டாக்டர் இல்லைங்க, ஆலோசகர்தான். ஆமாம், ரவை பதம் நல்லது. சம்பா கோதுமையும் அப்படித்தான், உடைத்துச் சாப்பிடுவது மாவாக்கிச் சாப்பிடுவதை விட மெதுவாகச் செரிக்கும்.

செங்காந்தள்:

டேராடூன்வாசி, உங்கள் பதிலை யோசித்துப் பார்த்தேன். கராட்டும் திருகையும் ஒன்றில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. அந்த ஊரில் ரோட்டோரத்தில் மின்சார மில் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் பெண்கள் எங்கே போகிறார்கள்?

டேராடூன்வாசி:

இருக்கிறது அம்மா. ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் அங்கேதான் போகிறார்கள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது. கராட்டுக்கு இறங்கி ஏற வேண்டும். கோதுமைக்கு மின்சார மில், மண்டுவாவுக்குக் கராட் என்று நண்பரின் அம்மா பிரித்து வைத்திருக்கிறார். மண்டுவா சூடுபட்டால் ரொட்டி விரிசல் விடுகிறது, ருசியும் குறைகிறது என்பது அவர் கணக்கு.

பெரியவர் சொன்ன காரணங்கள் வேறு. ஒன்று, ஓடையில் தண்ணீர் குறைந்துவிட்டது, கோடையில் கல் நகர்வதே இல்லை. இரண்டு, மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் வாய்க்கால் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஓடைக்கரையில் இருப்பதால் எந்தக் கராட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. முன்பெல்லாம் ஊரே சேர்ந்து வாய்க்காலைச் சீர்செய்யும், இப்போது அவரும் மருமகளும்தான். மூன்றாவதைத்தான் அவர் அழுத்திச் சொன்னார். அரைக்க வருகிற தானியமே குறைந்துவிட்டது. மேல் படிக்கட்டு வயல்கள் தரிசாகக் கிடக்கின்றன. விதைக்க ஆள் இல்லை, விதைத்தாலும் பன்றியும் குரங்கும் விட்டுவைப்பதில்லை. ரேஷனில் அரிசி, கோதுமை வருகிறது.

டேராடூனில் ஹெஸ்கோ என்கிற அமைப்பு இருக்கிறது. அனில் பிரகாஷ் ஜோஷி நடத்துவது, அவருக்கு 2006ல் பத்மஸ்ரீ, 2020ல் பத்மபூஷண். மரச்சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சக்கரம், பேரிங் போட்டு, அதே தண்ணீரில் அதிகம் அரைக்கவும், ராத்திரியில் டைனமோவை இணைத்து மின்சாரம் எடுக்கவும் பல கராட்களை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வேலை. பெரியவருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஆனால் சக்கரத்தை மாற்றினால் மட்டும் போதுமா என்று கேட்டார். அரைக்க மண்டுவா வேண்டும் அல்லவா?

எனக்கும் அதுதான் படுகிறது. பாரம்பரிய தானியம் வேண்டும் என்கிறவர்கள் கல்லைத் தேடிப் போகிறோம். போட்டோ எடுக்கிறோம், மாவு ஒரு பொட்டலம் வாங்குகிறோம். அந்த மேல் படிக்கட்டு வயலில் மண்டுவா விதைத்தவருக்கு நல்ல விலை கிடைத்தால்தான் அடுத்த வருஷம் மூட்டை கீழே இறங்கும். மூட்டை இறங்கினால் வாய்க்காலைச் சீர்செய்ய ஆள் வரும். கல் அதற்கப்புறம்தான். நான் இப்போது நண்பர் வழியாக அந்த ஊரில் ஆறு வீடுகளிடமிருந்து தானியமாகவே வாங்குகிறேன். டேராடூனில் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்துகொண்டோம். விலை அவர்கள் சொன்னதுதான், பேரம் பேசுவதில்லை. அரைக்கத் தேவைப்படும்போது ஊரிலேயே கராட்டில் அரைத்து அனுப்புகிறார்கள். கூலியும் தனியாகக் கொடுக்கிறோம்.

செங்காந்தள்:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறு வீட்டுப் பணமும் யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையில் விதைப்பது, களை எடுப்பது, அறுப்பது எல்லாம் பெண்கள், சந்தையில் காசு வாங்குவது ஆண்கள். மகளிர் குழுக் கணக்கில் போட ஆரம்பித்த பிறகுதான் அது கொஞ்சம் மாறியது.

டேராடூன்வாசி:

அடுத்த முறை கேட்டு, அம்மாக்கள் கணக்குக்கே அனுப்பச் சொல்கிறேன். இதை யோசித்திருக்கவில்லை, நன்றி.

தகடூரான்:

இன்னொரு சந்தேகம் மில்வீட்டுத் தம்பிக்கு. கம்பு மாவு ஏன் ஒரு வாரத்திலேயே கசக்கிறது? கேழ்வரகு மாவு ஒரு மாதம் நிற்கிறதே.

மில்வீட்டுப்பையன்:

ஐயா, கம்பில் எண்ணெய்ச்சத்து அதிகம், கேழ்வரகில் மிகக் குறைவு. கம்பின் முளையும் பெரிது. அரைத்தவுடன் அந்த எண்ணெயும், அதைச் சிதைக்கிற நொதியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தானியமாக இருந்தவரைக்கும் இரண்டும் தனித்தனி அறையில் இருந்தன. அதனால்தான் கம்பை மாவாக்கி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் அதிகம் இல்லை. இடித்தோ அரைத்தோ அன்றைக்கே கூழோ சோறோ ஆக்கிவிடுவார்கள். வைக்கத்தான் வேண்டும் என்றால் கம்பைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, நன்றாகக் காயவைத்து அரையுங்கள். சூட்டில் அந்த நொதி அடங்கிவிடும், மாவு கூடுதல் நாள் தாங்கும். இல்லையென்றால் கொஞ்சமாக அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கடையில் கம்பு மாவு வாங்கினால் அரைத்த தேதியைப் பாருங்கள். கடைசித் தேதியைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

லண்டன் குமரன்:

டேராடூன் அண்ணா, மார்ச்சில் ரிஷிகேஷ் வருகிறேன், அம்மா அப்பாவோடு. அந்தக் கராட்டைப் பார்க்க முடியுமா? வயதானவர்கள் இறங்க முடிகிற பாதையா?

டேராடூன்வாசி:

மார்ச்சில் மண்டுவா அரைப்பது கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் ஓடையில் தண்ணீர் இருக்கும், மில் ஓடும். கோதுமை அறுவடைக்கு முந்தைய நேரம். ரிஷிகேஷிலிருந்து காலையிலேயே கிளம்பினால் நிதானமாகப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். பாதை ரோட்டிலிருந்து சரிவுதான், கல் படிகள், கைப்பிடி கிடையாது. அப்பா அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் வேண்டாம், மேலே நண்பரின் வீட்டில் உட்காரச் சொல்லலாம், அங்கிருந்தே வாய்க்கால் தெரியும்.

வரும்போது ஒன்று செய்யுங்கள். ரிஷிகேஷ் கடையில் கேட்டால் முழு மண்டுவா கிடைக்கும், ஆனால் அங்கே வாங்க வேண்டாம். ஊரில் யார் வீட்டிலாவது நாலைந்து கிலோ வாங்கி, அதையே கூடையில் கொட்டி அரைத்து எடுத்துப் போங்கள். பெரியவருக்குப் படி அளந்து கொடுக்க வேண்டும், அதை மறக்காதீர்கள். மாவை லண்டன் கொண்டுபோவதானால் துணிப்பையில் கட்டி மேலே இன்னொரு பை போடுங்கள், நைசான மாவு தையல் வழியாகக் கசியும். தேதி முடிவானதும் தனிச் செய்தி அனுப்புங்கள், நண்பரிடம் சொல்லி வைக்கிறேன்.